ஏரிக்குள் ஒரு கொல்லை

கண்ணு,

நேற்று சாயங்காலம் உன் குரலைக் கேட்டேன். நீ எனக்குப் பேசவில்லை, ஏரிப் பாசனக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் இருக்கிற எல்லாருக்கும் சேர்த்துப் பேசியிருந்தாய். அப்பா வாசலில் உட்கார்ந்து போனைக் காதோடு வைத்துக் கேட்டார். கேட்டதும் அவர் முகம் ஒரு மாதிரி ஆயிற்று. என்னவென்று கேட்டதற்குப் போனை என் கையில் கொடுத்துவிட்டு, மாட்டைப் பிடித்துக் கட்டப் போய்விட்டார். "ஏரிக்குள்ள பயிர் வெச்சிருக்கறவங்களுக்கெல்லாம் பாவம் பாத்தா நமக்கு எப்படிங்க தண்ணி நிக்கும்? ஆக்கிரமிப்புன்னா ஆக்கிரமிப்புதான். ஒரு டிராக்டர விட்டு ஓட்டித் தள்ளுங்க. டீசல் செலவு என்னுது." நீதான் பேசியிருந்தாய். தடுமாறாமல், நாலு பேர் கேட்கும்படி பேசியிருந்தாய். அதற்குக் கீழே கைதட்டுகிற படங்களாகப் போட்டிருந்தார்கள்.

போனில் கூப்பிட்டே உன்னிடம் பேசியிருக்கலாம். ஆனால் நான் ஆரம்பிப்பதற்குள் "ஷிஃப்ட்டுக்கு நேரமாச்சும்மா" என்பாய். நான் சொல்ல வேண்டியது அப்படி அவசரத்தில் சொல்லி முடிகிற விஷயமில்லை. பக்கத்து வீட்டு மரியதாஸ் அண்ணன் நாளைக் காலையில் ஓசூர் போகிறார். அவரிடம் கொடுத்தனுப்புகிறேன், நிதானமாகப் படி. அம்மா கோபத்தில் எழுதுகிறாள் என்று நினைத்துக்கொள்ளாதே. உன்னை நினைத்தால் எனக்குப் பெருமைதான். போன தை மாதம் கீழ் மதகை ஒட்டிய அந்த அரை ஏக்கரை உன் பெயரில் எழுதினோமே, அன்று பத்திர ஆபீசிலிருந்து திரும்பும்போது கடத்தூர் வரைக்கும் அப்பா பஸ் ஜன்னல் பக்கமே முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தார். அவர் வம்சத்தில் யார் பெயரிலும் அதற்கு முன்னால் கையகல நிலம் எழுதப்பட்டதில்லை. பெரியவர்கள் எல்லாம் இன்னொருவர் வயலில் இறங்கிக் கூலி வாங்கிக்கொண்டு கரையேறியவர்கள். மதகில் தண்ணீர் திறந்தால் நமக்கும் ஒரு முறை வரும் என்று அவர் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். உனக்கு அந்தத் தண்ணீர் மேல் எவ்வளவு ஆசையோ, அதற்குக் குறையாமல் எங்களுக்கும் இருக்கிறது. அதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படி.

நீ ஓட்டித் தள்ளச் சொன்ன பயிர் முனியம்மாவுடையது. செங்கல் சூளைக்குப் போய்க்கொண்டிருந்தாளே, இரண்டு பெண் குழந்தைகளை வைத்துக்கொண்டு, அவள்தான். சூளையில் புகை ஒத்துக்கொள்ளாமல் இருமி இருமி, அவளும் அவள் புருஷனும் அந்த வேலையை விட்டுவிட்டார்கள். ஏரி காய்ந்து கிடந்ததால் உள்ளே முள்ளை வெட்டி ஒதுக்கிவிட்டுக் கேழ்வரகு போட்டிருக்கிறார்கள். இப்போது மேட்டுப்பக்கம் கதிர் முற்றிவருகிறது, பள்ளத்தில் பால் பிடித்து நிற்கிறது. இந்த வருடம் மழை நன்றாக இருந்தும் நம் ஏரிக்குத் தண்ணீர் வரவில்லை என்றதும், பயிரைக் காப்பாற்ற அவர்கள்தான் கால்வாயை ஓடைப் பக்கம் திருப்பிவிட்டார்கள் என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். அப்பா அந்தப் பேச்சைக் கேட்டதுமே மேல் ஏரிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். அது நிரம்பிக் கோடியில் வழிய இன்னும் ஒரு சாண் தண்ணீர் வேண்டும். அது வழிந்தால்தான் நம் கால்வாயில் தண்ணீர் வரும். யாரும் எதையும் திருப்பவில்லை. குழுவில் பேசியவர்கள் யாரும் போய்ப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். நீ ஓசூரில் இருக்கிறாய். உன்னால் எப்படிப் பார்க்க முடியும்?

இனிமேல் எழுதப்போவது உனக்குத் தெரியாத கதை. உனக்கு நினைவு தெரிந்த நாளில் நம் ஏரியில் தண்ணீர் இருந்தது. கரையிலிருந்து குதித்து நீச்சல் பழகினாய், சட்டையைக் கழற்றி வலையாக்கிக் கெண்டைக் குஞ்சு பிடித்துக்கொண்டு வருவாய். ஆனால் நீ கைக்குழந்தையாக இருந்தபோது அங்கே ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. முள்ளும் வெடித்த மண்ணும்தான். அந்த மண்ணில்தான் நம் கொல்லை இருந்தது. ஆமாம் கண்ணு, முனியம்மா இன்று எங்கே பயிர் வைத்திருக்கிறாளோ, கிட்டத்தட்ட அதே இடத்தில் உன் அப்பாவும் நானும் வைத்திருந்தோம்.

அதற்கு முன்னால் அப்பா பெங்களூரில் கட்டட வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். பொங்கலுக்கும் கிறிஸ்துமசுக்கும் வருவார். ஒரு தடவை வந்தபோது உனக்கு நடை பழகியிருந்தது. ஆசையாகத் தூக்கப் போனார். நீ அவரைப் பார்த்ததும் வீறிட்டு அழுது என் முந்தானைக்குள் புகுந்துகொண்டாய். எவ்வளவு சொல்லியும் வரவில்லை. வாங்கி வந்திருந்த பொம்மையைக் காட்டியும் வரவில்லை. அன்று அவர் சாப்பிடவில்லை. "எம்புள்ளைக்கே நான் யாரோ ஆயிட்டேன் புள்ள. இனிமே போவல," என்றார். நான் பயந்தேன். உள்ளூரில் என்ன வேலை இருந்தது? கிணறெல்லாம் வற்றிப்போயிருந்தது. மதகடியில் வயல் வைத்திருந்த பச்சியப்பன் அண்ணன் போட்ட போரில் எல்லாம் புழுதிதான் வந்தது. அவருடைய தென்னந்தோப்பு மரமெல்லாம் மண்டை காய்ந்து ஒவ்வொன்றாகச் சாய்ந்துகொண்டிருந்தது. அவருக்கே அப்படியென்றால் அவர் வயலை நம்பிக் கூலிக்குப் போன நமக்கு எப்படி இருந்திருக்கும்? அப்போதுதான் அப்பா ஒரு காலையில் கொடுவாளை எடுத்துக்கொண்டு ஏரிக்குள் இறங்கினார். யாரும் கேட்கவில்லை. முள்ளுக்காட்டில் ஒருத்தன் முள் வெட்டுகிறான் என்று பார்த்துக்கொண்டு போனார்கள்.

அந்த மண்ணை நீ கையில் எடுத்து விளையாடியது உனக்கு நினைவிருக்காது. பெரியவனான பிறகு அதன் மேல் நீந்தியிருக்கிறாய், அவ்வளவுதான். எத்தனையோ மழைக்காலத்து வண்டல் படிந்து படிந்து, எருவே போட வேண்டாத மண். முதல் மழை விழுந்ததும் அதிலிருந்து ஒரு வாசனை கிளம்பும். காய்ந்த மீன் வாசனையும் புது மண் வாசனையும் கலந்தது போல இருக்கும். இப்போதும் மழை தூறினால் எனக்கு அந்த ஞாபகம்தான் வருகிறது. முதல் வருடம் கொள்ளு தெளித்தோம். அடுத்த வருடம் கேழ்வரகு போட்டு, ஊடே அவரை விதைத்தோம். வரப்பு என்று ஒன்றும் கிடையாது. வெட்டிய முள்ளையே சுற்றிப் போட்டு வேலி ஆக்கினார் அப்பா. ஏரியின் ஆழமான பக்கத்தில் ஓர் ஊற்றுக்குழி தோண்டினோம். எந்தக் கோடையிலும் அதில் நாளுக்கு ஒன்றிரண்டு குடமாவது ஊறும். நான் குனிந்து குடத்தில் மொள்ள, நீ ஒரு டம்ளரில் மொண்டு அவரைச் செடிக்கு ஊற்றுவாய். செடிக்குப் போவதை விட உன் வயிற்றின் மேல் போவதுதான் அதிகம்.

ஒரு வேலமரம் தப்பித் தவறி நல்ல மரமாக வளர்ந்திருந்தது. அதில் என் பழைய சேலையைத் தூளி கட்டி உன்னைப் போட்டுவிட்டுக் களை எடுப்பேன். ஆள்காட்டிக் குருவி ஒன்று நம் கொல்லைக்குள்ளேயே தரையில் முட்டை போட்டிருந்தது. அந்த இடத்தை மட்டும் அப்பா கொத்தாமல் விட்டார். நாம் பக்கத்தில் போனால் தலைக்கு மேல் கத்திக்கொண்டே சுற்றும். நீயும் அதைப் போலவே கத்துவாய். அப்பா மண்வெட்டியை ஊன்றி நின்று உங்கள் இரண்டு பேர் சண்டையையும் பார்த்துச் சிரிப்பார். கண்டு பயந்து ஓடிய அதே அப்பாவின் தோளில்தான் நீ அப்போது நாள் முழுக்க உட்கார்ந்திருந்தாய். எங்கள் கல்யாண வாழ்க்கையில் எது நல்ல காலம் என்று என்னை யாராவது கேட்டால், யோசிக்காமல் அந்த வருடங்களைத்தான் சொல்வேன். நமக்கென்று எதுவும் இல்லாத காலம் அது. ஆனால் மூன்று பேரும் ஒரே இடத்தில் இருந்தோம்.

பால்வாடியில் டீச்சர் ஒருநாள் ஏரி வரையச் சொல்லியிருக்கிறார்கள். மற்றப் பிள்ளைகள் அலை அலையாகக் கோடு போட்டு மீன் போட்டிருக்கிறார்கள். நீ குச்சி குச்சியாகப் பயிர் போட்டு, நடுவில் ஒரு மரமும் அதில் ஒரு தூளியும் போட்டிருந்தாய். உன்னைக் கூட்டி வரப் போனபோது டீச்சர் சிரித்துக்கொண்டே, "ஏரி வரையச் சொன்னா உங்க பையன் கேவுரு வரைஞ்சிருக்கான், பாருங்க," என்றார்கள். பக்கத்தில் நின்ற பெண்களும் சிரித்தார்கள். நானும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டு, உன்னைத் தூக்கிக்கொண்டு வேகமாக வந்துவிட்டேன். வழியெல்லாம் நீ, "ஏரின்னா நம்ம கொல்லைதானம்மா?" என்று கேட்டுக்கொண்டே வந்தாய். ஆமாம் என்றேன். வேறு என்ன சொல்வது?

ஆனால் அது நம்முடையதில்லை என்று ஒவ்வொரு மழைக்கும் எனக்குத் தெரியும். கோயிலில் ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் சாமியார் மழைக்காகச் செபம் செய்யச் சொல்வார். எல்லாரும் முழங்காலில் நின்று மனமுருகிச் செபிப்பார்கள். நானும் முழங்காலில் நிற்பேன். வாய் அசையும், சத்தம் வராது. மழை வேண்டும், ஆனால் பயிர் நனைகிற அளவுக்கு வேண்டும், மேல் ஏரி வழிகிற அளவுக்கு வேண்டாம் என்று எந்தக் கடவுளிடம் போய்க் கேட்பது? என் பக்கத்தில் நிற்கிற பெண்ணின் வீட்டில் குடிக்கத் தண்ணீர் இல்லாமல் குடத்தைத் தூக்கிக்கொண்டு அலைகிறார்கள். அவளுக்கும் எனக்கும் அந்த ஒரு செபத்தில் மட்டும் ஒத்துப்போகவில்லை.

நீ பால்வாடிக்குப் போன அந்த வருடம் ஆவணியில் மழை பிடித்தது. ஏரிப் பாசனக்காரர்கள் கூடிப் பேசி, மேல் ஏரியிலிருந்து வருகிற கால்வாயைச் சுத்தம் செய்வது என்று முடிவெடுத்தார்கள். பல வருடம் தண்ணீர் வராத கால்வாய். முள் அடைத்து, மண் மேவி, அங்கங்கே இருந்த இடமே தெரியாமல் போயிருந்தது. கூலிக்கு ஆள் வேண்டும். பச்சியப்பன் அண்ணன் நம் வீட்டுக்கே வந்து அப்பாவைக் கூப்பிட்டார். அப்பா சரி என்று சொல்லி மண்வெட்டியை எடுத்தார். எனக்கு வந்த ஆத்திரத்தை எழுத முடியாது. பச்சியப்பன் அண்ணன் தலை மறைந்ததும் அப்பாவிடம் கத்தினேன். "நம்ம கொல்லைய முழுவடிக்கப் போற கால்வாய நீங்களே போய் வெட்டறீங்களா? உங்களுக்குக் கொஞ்சமாவது யோசனை இருக்குதா?"

அப்பா உன்னைத் தோளிலிருந்து இறக்கி என்னிடம் கொடுத்தார். "நான் போவலைன்னா வேற ஆளு வெட்டப் போறான். கூலி அவன் வூட்டுக்குப் போவும்," என்றார். அப்புறம் வாசற்படியில் நின்று திரும்பினார். "ஏரி ரொம்புனா கீழ அத்தன வயலும் நாத்து நடும். உனக்கு வேலை, எனக்கு வேலை. இந்தக் கொல்லை நம்ம மூணு பேருக்குத்தான் சோறு போடுது. ஏரி ஊருக்கே போடும். அதை நான் அடைக்க முடியாது புள்ள." சொல்லிவிட்டுப் போய்விட்டார். தினமும் காலையில் கால்வாயை வெட்டுவார். சாயங்காலம் வந்து கொல்லையில் கேழ்வரகுக்குக் களை எடுப்பார். எப்படி ஒரே கை இரண்டையும் செய்தது என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

ஐப்பசியில் மழை விடாமல் பிடித்தது. நம் கேழ்வரகு அந்த ஊரிலேயே யாருக்கும் விளையாத மாதிரி விளைந்திருந்தது. கதிர் கை விரல்களை மடக்கியது போல உள்ளே சுருண்டு, கனத்துத் தொங்கியது. மேட்டுப்பக்கம் முற்றிவிட்டது, பள்ளத்தில் இன்னும் பச்சை. இன்னும் கொஞ்சம் வெயில் அடித்தால் போதும் என்று இருந்தபோது, கால்வாய்ப் பக்கம் மாடு மேய்த்துக்கொண்டிருந்தவர் ஓடி வந்து மேல் ஏரி நிரம்பிக் கோடி போகிறது என்று சொன்னார். ஊரில் வெடி வைத்தார்கள். பெண்கள் குடத்தோடும் சூடத்தோடும் கரைக்கு ஓடினார்கள். அப்பா பச்சியப்பன் அண்ணன் வீட்டுக்கு ஓடினார். உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு நானும் பின்னாலேயே ஓடினேன்.

"அண்ணா, ஓடை பிரியற எடத்துல தண்ணியக் கொஞ்ச நாளைக்கு மட்டும் திருப்பி விடுங்கண்ணா. கதிரக் கொய்துக்கறேன். அப்புறம் நானே வந்து அடைச்சுத் தரேன்," என்றார் அப்பா. கை கூப்பியிருந்தார். அவர் அப்படி யாரிடமும் கை கூப்பி நான் பார்த்ததில்லை.

பச்சியப்பன் அண்ணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கரைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். அவர் கண் சிவந்திருந்தது. சந்தோஷத்தில் அழுதிருக்கிறார் என்று பார்த்ததும் தெரிந்தது. "அந்தோணி, எந்தோப்பப் பாத்தியா? பாதி மரம் போச்சு. ஓடையில போற தண்ணி திரும்பி வருமா? நாளைக்கு மழை விட்டுப் போச்சுன்னா நீ பதில் சொல்லுவியா, நான் பதில் சொல்லுவனா? தண்ணியத் திருப்பறது மட்டும் ஆவாது," என்றார். அப்பா தலை கவிழ்ந்துகொண்டார். எனக்கு அவர் சொன்னது தப்பென்றும் படவில்லை. அதுதான் கொடுமையாக இருந்தது. நாங்கள் திரும்பி நடந்தோம். தெருமுனை தாண்டியிருக்க மாட்டோம், பின்னாலிருந்து அவர் சத்தம் கேட்டது. "நில்லுப்பா. தண்ணிய நிறுத்த முடியாது. கதிரு கொய்யலாமில்ல? எத்தன அருவா இருக்குது உங்கிட்ட?"

அவர் வீடு வீடாகப் போனார். தன் வீட்டு வாசலிலிருந்து மனைவி தனத்தையும் கூட்டிக்கொண்டார். எல்லாரும் வரவில்லை. "வெள்ளம் வர்ற எடத்துல பயிர் வெச்சா அவன்தான் பாத்துக்கணும்," என்று ஒருவர் கதவைச் சாத்திக்கொண்டார். ஆனாலும் போதுமான ஆட்கள் வந்தார்கள். நாற்று நடும்போது நாங்கள் எந்த வயலில் வரிசையாக நிற்போமோ, அந்த வயலுக்குச் சொந்தக்காரர்கள் நம் கொல்லையில் வரிசையாக நின்று கதிர் கொய்தார்கள். முதலில் காலடி மண் ஈரமாயிற்று. அப்புறம் விரலுக்கிடையில் தண்ணீர் ஏறியது. வெள்ளம் என்று நீ நினைக்கிற மாதிரி பாய்ந்து வராது கண்ணு. வெடிப்புகளில் புகுந்து புகுந்து, குமிழி விட்டு, சத்தமில்லாமல் மேலே வரும். வெடிப்பிலிருந்து நண்டும் பூச்சியும் வெளியே ஓடின. கணுக்கால் நனைந்தபோதும் யாரும் ஏறவில்லை. தனம் அக்கா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, மடி நிறையக் கதிரோடு கரைக்கும் கொல்லைக்கும் நடந்தபடி இருந்தார்கள். முழங்காலுக்கு வந்தபிறகுதான் பச்சியப்பன் அண்ணன் போதும் என்று எல்லாரையும் ஏறச் சொன்னார்.

மேட்டுப்பக்கக் கதிரெல்லாம் வந்துவிட்டது. பள்ளத்துப் பச்சைப் பயிர் போய்விட்டது. கரையில் நின்று பார்த்தோம். முதலில் தாள் மறைந்தது. பிறகு கதிர் மட்டும் தண்ணீருக்கு மேலே கொஞ்ச நேரம் ஆடிக்கொண்டிருந்தது. ஊரே கரையில் நின்று கூச்சல் போட்டது, எவ்வளவு வருடம் கழித்து வந்த தண்ணீர்! அத்தனை பேருக்கு நடுவில் நீ ஒருத்தன் மட்டும் அழுதாய். "எங்க கொல்லை முழுவுது, எங்க கொல்லை முழுவுது" என்று கையை நீட்டி நீட்டி அழுதாய். எனக்கு உன்னைச் சமாதானப்படுத்தத் தெரியவில்லை. வெட்கமாகவும் இருந்தது. சூடம் ஏற்றிக்கொண்டிருந்த பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். தனம் அக்காதான் உன்னை என்னிடமிருந்து வாங்கி, சேறும் தண்ணீருமாக இருந்த தன் மடியில் வைத்துக்கொண்டார்கள். "அழட்டும் வுடு. அவன் கொல்லை தான போச்சு, அவன்தான அழணும்," என்றார்கள். நீ அவர்கள் மடியிலேயே அழுது ஓய்ந்து தூங்கிப்போனாய்.

ஈரக் கதிரை அப்படியே வைத்தால் முளை விட்டுவிடும். பச்சியப்பன் அண்ணன் தன் களத்தைக் கொடுத்தார். வெயில் எட்டிப் பார்த்தபோதெல்லாம் பரப்பி, மழை வந்தபோதெல்லாம் வாரி, ஒருவழியாகக் காய வைத்து அடித்தோம். அதுவரை நம் வீட்டில் இருந்த பானைகள் போதாமல் பக்கத்து வீட்டில் சாக்கு கேட்டு வாங்கினோம். அந்த மார்கழியிலேயே கீழே நாற்று விட்டார்கள். தையில் நடவு. நான் இடுப்பு ஒடிய நட்டேன். அடுத்து வந்த வருடங்களில் ஏரி முழுதாகக் காயவே இல்லை. நடவு, களை, அறுப்பு என்று உள்ளூரிலேயே வேலை இருந்தது. அப்பா மறுபடி பெங்களூர் போகவில்லை. நீ பள்ளிக்கூடம் போனதும், தருமபுரியில் பாலிடெக்னிக் படித்ததும் அந்தத் தண்ணீரில் நட்ட கூலியில்தான். உன் பெயரில் நாம் எழுதிய அரை ஏக்கர் இருக்கிறதே, அது பச்சியப்பன் அண்ணன் போய்ச் சேர்ந்த பிறகு அவர் மகள் விற்ற நிலம். என் கால் படாத சேறு அதில் இல்லை. உன்னிடம் இதையெல்லாம் நான் முன்பே சொல்லியிருக்க வேண்டும். ஏரிக்குள் பயிர் வைத்தவன் பிள்ளை என்று பள்ளிக்கூடத்தில் யாராவது உன்னைச் சொல்லிவிடுவார்களோ என்று எனக்கு ஒரு கூச்சம் இருந்தது. நீயாகவும் மறந்துவிட்டாய். நல்லதுதான் என்று விட்டுவிட்டேன்.

ஏரி தண்ணீருக்குத்தான் சொந்தம். முனியம்மாவுக்கும் அது தெரியும். கால்வாயை அடைத்து வை என்று நான் உன்னிடம் கேட்கவில்லை. உன் அப்பா அன்றைக்கே அதைக் கேட்டு, அது நியாயமில்லை என்று புரிந்துகொண்டு திரும்பியவர். நான் கேட்பதெல்லாம், கதிரோடு நிற்கிற பயிரில் டிராக்டரை விடச் சொல்லாதே என்பதுதான். ஒரு பயிர் பால் பிடித்து நிற்கும்போது அதன் மேல் சக்கரம் ஏறுவதைப் பார்க்கிற மனசு உனக்கும் இருக்காது. நீ அங்கே நின்று பார்த்திருந்தால் அப்படிப் பேசியிருக்க மாட்டாய். தூரத்தில் இருந்தால் எல்லாமே ஒரு வார்த்தையில் அடங்கிவிடுகிறது.

இன்று காலையில் பூசை முடிந்ததும் மதகடியில் பாசனக்காரர்கள் கூட்டம் நடந்தது. அரை ஏக்கருக்காக உன் இடத்தில் அப்பா போனார், நானும் போனேன். அப்பா எழுந்து, மேல் ஏரி இன்னும் வழியவில்லை என்பதைச் சொன்னார். பார்க்காதவர்கள் போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்றார். அப்புறம், மேல் ஏரி எப்போது வழிந்தாலும் சரி, அருவா இருக்கிற வீட்டுக்காரர்கள் எல்லாரும் இறங்கிக் கதிரைக் கொய்து கொடுத்துவிடலாம், அதற்கு மேல் அடுத்த வருடம் உள்ளே பயிர் வைப்பதைப் பற்றிப் பேசிக்கொள்ளலாம் என்றார். பழைய ஆட்கள் சிலர் தலையாட்டினார்கள். குழுவை நடத்துகிற செந்தில் இருக்கிறானே, அவன், "நீங்க சொல்றது எனக்கு சரியாத்தான் படுது மாமா. ஆனா டிராக்டர ஓட்டச் சொன்னது உங்க பையன்தானுங்களே?" என்றான். கூட்டம் அப்பாவைப் பார்த்தது.

அப்பா மெதுவாகத்தான் சொன்னார். "அவன் தெரியாம சொல்லிட்டான்பா. அந்த வருசம் ஏரிக்குத் தண்ணி வந்தன்னிக்கு இந்தக் கரையில நின்னு அழுதவன் அவன். நான் இன்னும் அவனுக்கு அதைச் சொல்லல." செந்தில் தலையாட்டினான். மேட்டுப்பக்கம் முற்றிவிட்டதால் வருகிற ஞாயிற்றுக்கிழமையே முதல் அறுப்பை வைத்துக்கொள்வது என்று முடிவாயிற்று. அதற்குள் மேல் ஏரி வழிந்துவிட்டால் அன்றைக்கே எல்லாரும் இறங்குவது என்று பேசிக்கொண்டார்கள்.

கூட்டம் முடிந்து நான் நேராக முனியம்மாவிடம் போய்ச் சொன்னேன். காலையிலிருந்து டிராக்டர் வருமோ என்று கொல்லையோரத்திலேயே உட்கார்ந்திருந்தாள். சின்னப் பெண் அவள் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றது. நான் சொன்னதை அவள் முதலில் நம்பவில்லை. இரண்டாவது தடவை சொன்னபோது முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அப்புறம் திடீரென்று கலவரமாகி, "அத்தன பேரும் வந்தா அவங்களுக்கெல்லாம் நான் எங்கிருந்துக்கா சோறாக்குவேன்? வூட்டுல அவ்வளவு பெரிய ஏனம்கூட இல்லையே," என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளும் சிரித்தாள். அதை நான் பார்த்துக்கொள்கிறேன், நீ அருவாவைத் தீட்டி வை என்று சொல்லிவிட்டு வந்தேன்.

கோயிலில் பெரிய அண்டா கேட்டிருக்கிறேன். களியும் அவரைக்கொட்டைக் குழம்பும் வைப்பதாக இருக்கிறேன். சனிக்கிழமை சாயங்காலம் ஓசூரிலிருந்து கிளம்பினால் நீ சாப்பாட்டு நேரத்துக்குள் வீடு வந்துவிடலாம். உனக்கும் சேர்த்து மாவு அரைக்கட்டுமா என்பதை மட்டும் மரியதாஸ் அண்ணன் ஊர் திரும்பும்போது அவரிடம் சொல்லியனுப்பு.

அம்மா